தராசில் ஏறிய வணிகர்

லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பழனியாண்டவருக்கு என்றோ ஏழுமலையானுக்கு என்றோ நேர்ந்துகொண்டு கடை திறப்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக உள்ள வழக்கம். சாமியைக் கூட்டாளியாகவே சேர்த்துக்கொண்டு, பேரேட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறவர்களும் உண்டு. ஆண்டுக் கணக்கு முடிந்ததும் அந்தத் தொகை உண்டியலுக்கோ அன்னதானத்துக்கோ திருப்பணிக்கோ போய்ச் சேரும். இதில் ஒரு பணிவு இருக்கிறது. மழையும் சந்தையும் வாங்க வருகிறவரின் மனமும் நம் கையில் இல்லை, வந்தது முழுவதும் நம் சாமர்த்தியத்தால் வந்ததல்ல என்று ஒப்புக்கொள்ளும் பணிவு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு கேள்வி பதில் பெறாமல் கிடக்கிறது. சாமிக்குப் போன இரண்டு ரூபாய், கையில் நிற்கும் தொண்ணூற்றெட்டு ரூபாயை என்ன செய்கிறது? அது எந்த வழியில் வந்திருந்தாலும் தூய்மையாக்கிவிடுகிறதா? ஒரு தொழிலின் அறத்தை அளக்க வேண்டிய இடம் கல்லாவா, உண்டியலா? கல்லாதான் என்பது என் முடிவு. நம் பழைய நூல்களைப் பொறுமையாகப் படித்தால் அவையும் அங்கேயே கை காட்டுகின்றன.

யாருடைய தொழிலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'தொழில்முனைவோர்' என்ற ஒரே சொல்லுக்குள் இன்று எல்லோரையும் அடைத்துவிடுகிறோம். 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய அரசின் வரையறைப்படி, இயந்திரத் தளவாட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாத எந்த நிறுவனமும் குறுந்தொழில்தான். தெருமுனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் பெண்ணும், முப்பது நாற்பது ஆள் வைத்துப் பட்டறை நடத்துகிறவரும் அந்த ஏட்டில் ஒரே பெயரில் நிற்கிறார்கள். 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று, வேளாண்மை சாராத இத்தகைய சிறு தொழில்கள் நாட்டில் சுமார் 6.34 கோடி என்று கணக்கிட்டது. அவற்றில் நூற்றுக்கு 84, சம்பள ஆள் ஒருவரைக்கூட நிலையாக வைத்துக்கொள்ளாதவை. தானும் குடும்பமுமாக உழைத்து ஓட்டுகிறவை. மிச்சமுள்ளவற்றுக்குள்ளும் எத்தனை வகை! தானே செய்து விற்கிறவர், வாங்கி விற்கிறவர், மண்டியில் உட்கார்ந்து கமிஷன் பார்க்கிறவர், பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர், நாள் தண்டல் விடுகிறவர். இவர்களை முதலீட்டின் அளவை வைத்துப் பிரிப்பது வரி அலுவலகத்துக்குப் போதும். அறத்தைப் பற்றிக் கேட்கிறவருக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அப்படி ஒரு அளவுகோலைச் செய்து பார்த்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். பம்பாயில் கணக்குத் தணிக்கைத் தொழில் நடத்தி, அமெரிக்காவில் பொருளியல் படித்து, பின்பு காந்தியிடம் வந்து சேர்ந்தார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற நூலில் பொருளீட்டும் முறைகளை ஐந்தாகப் பிரித்தார். தான் எதைத் தின்கிறதோ அதையே அழிப்பது முதல் வகை. ஆட்டைக் கொல்லும் புலி அதற்கு உவமை. அழிக்காவிட்டாலும் எதையும் கொடுக்காமல் பறித்துக்கொள்வது அடுத்தது. மாந்தோப்பில் புகும் குரங்கு போல. தன் உழைப்பைப் போட்டு அதன் பலனை எடுத்துக்கொள்வது மூன்றாவது. தேனீயைப் போலக் கூட்டத்துக்காகச் சேர்ப்பது நான்காவது. கைம்மாறு கருதாமல் தாய் குஞ்சுக்குச் செய்வது போன்றது ஐந்தாவது. ஒரு தணிக்கையாளர் செய்த பாகுபாடு இது என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஐவரின் லாபமும் ஒரே பத்தியில்தான் விழும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. லாபம் எவ்வளவு, அதில் தருமத்துக்கு எவ்வளவு என்பவற்றை அவர் கேட்கவில்லை. எடுத்ததற்கு ஈடாக என்ன கொடுத்தாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் கல்லா.

இங்கே ஒரு சொல்லின் வரலாறு துணைக்கு வருகிறது. 'ஊதியம்' என்றால் இன்று சம்பளம். வள்ளுவர் காலத்தில் அதற்கு ஆதாயம், லாபம் என்று பொருள். ஒரே சொல் லாபத்தைக் குறித்துவிட்டுக் கூலியைக் குறிக்க வந்ததில், சிறு தொழிலைப் பற்றிய ஓர் உண்மை தங்கியிருக்கிறது. இட்லிக் கடைப் பெண்ணுக்கு மாலையில் மிஞ்சும் முந்நூறு நானூறு ரூபாயை நாம் லாபம் என்கிறோம். விடியுமுன் எழுந்தது, மாவாட்டியது, அடுப்பின் முன் நின்றது, பாத்திரம் கழுவியது ஆகியவற்றுக்கு ஒரு கூலி போட்டுக் கழித்தால் லாபம் என்று சொல்ல அதில் ஏதாவது தேறுமா என்பது சந்தேகம். அவர் பெறுவது பெரும்பாலும் தன் உழைப்புக்கான கூலி. ஐரோப்பியக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் வணிகம் பாவமா என்று விவாதித்தபோது, ஆதாயத்தையே குறிக்கோளாகக் கொள்ளாமல் தன் உழைப்புக்கான கூலியாக நாடுகிற வணிகரைக் குற்றம் சொல்ல முடியாது என்று தீர்த்தார். அந்த விவாதத்தை அவர் வைத்திருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. வாங்கல் விற்றலில் நடக்கும் ஏமாற்றைப் பற்றிய பகுதியில், சரக்கின் குறையை மறைக்கலாமா, பெறுமானத்துக்கு மேல் விற்கலாமா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகே அவர் லாபத்துக்கு வருகிறார்.

வள்ளுவரும் இடத்தால்தான் பேசுகிறார். முப்பாலில் வணிகத்துக்கென்று தனி அதிகாரம் இல்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வணிகருக்கு வணிகம் என்று சொல்லும் குறள், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக, 120ஆவதாக நிற்கிறது. ஈகை அதிகாரம் அதற்குப் பதினோரு அதிகாரம் தள்ளி வருகிறது. வணிகரின் அறத்தை ஈகையில் வைத்திருக்கலாம். செல்வம் உள்ளவருக்குச் சொல்லும் அறிவுரை அதுதான் என்று பலரும் நினைக்கக்கூடிய இடம் அது. அவர் அங்கே வைக்கவில்லை. தராசின் முள் நிற்கும் இடத்தில் வைத்தார். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போதும் இப்படித்தான். நுகத்தின் நடுவில் இருக்கும் ஆணியை உவமை காட்டி, கொள்வதில் மிகுதியாகக் கொள்ளாதவர்கள், கொடுப்பதில் குறைத்துக் கொடுக்காதவர்கள் என்கிறார். கொடையைப் பாடத் தெரியாத புலவரல்ல அவர். வணிகரைப் பற்றிச் சொல்லும்போது முதலில் சொல்ல வேண்டியது இது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இதே வள்ளுவர், கொடுத்துப் புகழோடு வாழ்வதைத் தவிர உயிருக்கு வேறு ஊதியம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறாரே என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறார். அதைப் பொருள் செயல்வகை அதிகாரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வந்த வழியில் குற்றம் இல்லாத பொருள்தான் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்றும், அருளோடும் அன்போடும் வராத செல்வத்தைக் கையில் கொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்றும் அங்கே சொல்கிறார். அப்படி வந்ததைத் தானம் செய்தால் போதும் என்று அவர் வழிவிடவில்லை. கொடை பெரிய அறம்தான். ஆனால் அது இரண்டாவது வாசல். முதல் வாசலில் தடுக்கப்பட்ட பொருள் இரண்டாவதற்கு வந்து சேராது.

பெரியபுராணத்துக்கு வருவோம். கோயிலுக்குக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் தங்களுக்கு ஆதரவாக முதலில் காட்டும் நூல் இதுவாகத்தான் இருக்கும். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய அறுபத்துமூவரில் எத்தனை தொழில்காரர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே வியப்பாக இருக்கும். குயவர், நெசவாளர், துணி வெளுப்பவர், செக்காட்டுபவர், மீன் பிடிப்பவர், துணி வணிகர். அவர்களுக்கு இறைவன் சோதனை வைத்த இடங்களைப் பாருங்கள். பழையாறையைச் சேர்ந்த அமர்நீதியார் செல்வம் மிக்க வணிகர். அடியார்களுக்கு உடையும் கோவணமும் நெடுங்காலமாக இலவசமாகக் கொடுத்துவந்தவர். கொடையில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அவரிடம் ஒரு பிரமசாரி வந்து, கோவணம் ஒன்றைக் கொடுத்து, குளித்துவிட்டு வரும்வரை வைத்திருங்கள் என்கிறார். வந்து கேட்டபோது அதைக் காணவில்லை. வேறு தருகிறேன் என்றால் வந்தவர் ஏற்கவில்லை. என் தண்டில் உள்ள மற்றக் கோவணத்துக்கு எடை சரியாகக் கொடு என்கிறார். தராசு வருகிறது. அவரிடம் உள்ள துணியெல்லாம் ஏறுகிறது, பொன்னும் மணியும் ஏறுகின்றன, முள் நேராகவில்லை. கடைசியில் அந்த வணிகர் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறுகிறார். வாழ்நாள் முழுவதும் பிறருக்கு நிறுத்துக் கொடுத்தவர் தன் தராசில் தானே நிற்கும் அந்தக் காட்சிக்கு ஈடான ஒன்று வணிக அறம் பேசும் எந்த நூலிலும் உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தில்லையில் இருந்த திருநீலகண்டர் குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து இலவசமாகக் கொடுத்தவர். அவரிடமும் யோகி ஒருவர் ஓர் ஓட்டை அடைக்கலமாகக் கொடுத்துவிட்டுப் போய், நெடுநாள் கழித்து வந்து கேட்கிறார். ஓடு மறைந்துபோயிருக்கிறது. ஆயிரம் ஓடு செய்யத் தெரிந்த குயவர் அந்த ஒரு ஓட்டுக்காகத் தில்லைவாழ் அந்தணர்களின் அவையில் போய் நிற்க நேர்கிறது. காஞ்சியில் இருந்த திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தவர். குளிர்காலத்தில் மெலிந்த உடம்போடு வந்த ஒரு தவசி தன் கந்தலைக் கொடுத்து, பொழுது சாயுமுன் உலர்த்தித் தந்துவிட வேண்டும் என்கிறார். இவர் ஒப்புக்கொள்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவேயில்லை. மாலை வந்ததும், சொன்ன நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லையே, குளிரில் அந்த உடம்பு என்ன பாடுபடும் என்று துடித்து, துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார். மூன்று கதையிலும் சோதனைக்கு முன்பே அவர்கள் கொடையாளர்கள். கொடையைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால் இன்னும் அதிகமாகக் கேட்டிருந்தால் போதும். கேட்கப்பட்டவை வேறு: நம்பி ஒப்படைத்த பொருள் எங்கே, எடை சரியா, சொன்ன நேரத்தில் வேலை முடிந்ததா. வாடிக்கையாளர் ஒருவர் கடைக்காரரிடம் கேட்கும் மூன்று கேள்விகள் இவை.

இதை மறுப்பவர் இரண்டு காரணம் சொல்லக்கூடும். சேக்கிழார் பாடியது பக்தியை. வாடிக்கையாளர் உரிமையைப் பாடவில்லை, வந்தவர் சிவனடியார் என்பதால்தான் அவர்கள் அப்படி உருகினார்கள் என்பது முதல் காரணம். உண்மைதான். வந்தவர் வெறும் வழிப்போக்கராக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஆனாலும் இறைவன் அவர்களைக் கோயிலுக்கு அழைக்கவில்லை. அவர்கள் இருந்த இடத்துக்குத் தானே வாடிக்கையாளரைப் போல வந்தான் என்பதை மறைக்க முடியாது. தொழிலுக்குரிய நாணயத்தைத்தான் அந்தப் புராணம் சோதனைக்குரியதாகத் தேர்ந்தது. இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது. அதே நூலில் சூதாடி வென்ற பணத்தால் அடியார்களுக்குச் சோறிட்ட மூர்க்க நாயனாரும் இருக்கிறார். வைணவ மரபில் வழிப்பறி செய்து அடியார்களுக்கு அமுது படைத்த திருமங்கையாழ்வாரின் கதை இருக்கிறது. வழி எதுவானாலும் முடிவு தூயதானால் போதும் என்று மரபே ஒப்புக்கொண்டுவிட்டதே? இந்தக் கதைகளை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. அவை அன்பு எல்லை மீறிப்போகும் இடத்தைக் காட்டுகின்றன. கடைத்தெருவுக்கு வகுத்த விதிகளாக யாரும் அவற்றைச் சொன்னதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர்கள் இருவரும் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் இழந்த பிறகே அந்த வழிக்கு வந்தார்கள், வந்ததையும் அப்படியே கொடுத்தார்கள். நூற்றுக்கு இரண்டைக் கொடுத்துவிட்டுத் தொண்ணூற்றெட்டை வைத்துக்கொள்கிறவர் அவர்களுடைய உரிமையைக் கேட்க முடியாது. நாகப்பட்டினத்து அதிபத்தரின் கதை வேறு வகை. அவருக்கு வந்தது கொடையின் சோதனையேதான். நாளுக்கு ஒரே மீன் கிடைத்த காலத்திலும் அதைக் கடலில் விட்டார். ஆனால் அவர் விட்டது தன் வலையில் விழுந்த மீன், அடுத்தவர் வலையில் விழுந்ததல்ல.

மற்றச் சமயங்களும் இதே வேறுபாட்டைத் துல்லியமாகவே பிடித்திருக்கின்றன. லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் சகேயு வரி வசூலித்துச் செல்வனானவன். மனம் திருந்தியபோது அவன் சொன்ன உறுதிமொழியில் இரண்டு தனிக் கணக்குகள் இருக்கின்றன. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் அவருக்கே நான்கு மடங்கு. ஏழைக்குக் கொடுத்தது ஏமாந்தவருக்குக் கொடுத்ததாகாது என்று அவனுக்குப் புரிந்திருந்தது. இஸ்லாத்தில் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு ஜகாத் கொடுப்பது செல்வத்தைத் தூய்மையாக்கும் கடமை. ஆயினும் விலக்கப்பட்ட வழியில் வந்த பொருளை ஜகாத் தூய்மையாக்காது, உரியவரைத் தேடித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அச்சமயச் சட்ட அறிஞர்களின் நிலை. மகாபாரதம் ஒரு படி மேலே போகிறது. தலைமுடியில் பறவை கூடு கட்டும்வரை அசையாமல் தவம் செய்து செருக்கடைந்த ஜாஜலி முனிவருக்குப் பாடம் சொல்ல, காசியில் கடை வைத்திருக்கும் துலாதாரரிடம் அனுப்புகிறது. துலாதாரர் என்ற பெயருக்கே தராசு பிடிப்பவர் என்று பொருள். தவத்தையும் தானத்தையும் அவர் தன் தகுதியாகக் காட்டவில்லை. என் தராசு எல்லா உயிருக்கும் ஒன்றாக நிற்கிறது என்கிறார். கடைக்காரரிடம் துறவி பாடம் கேட்ட கதை அது.

இங்கே, தொழில் எப்படி நடக்கிறது என்பது போதுமா, எந்தத் தொழில் என்று பார்க்க வேண்டாமா என்ற கேள்வி எழுகிறது. பௌத்தம் இல்லறத்தாருக்கு ஐந்து வணிகங்களை விலக்கியது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு. மகாபாரதமோ மிதிலையில் இறைச்சி விற்ற தர்மவியாதரை ஓர் அந்தணருக்கு ஆசானாக்கியது. இரண்டில் எது சரி? இழிதொழில் என்று பட்டியல் போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் நாட்டில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் சாதிப் பட்டியலாகவே பயன்பட்டது. துணி வெளுத்தவரும் தோல் பதனிட்டவரும் எண்ணெய் ஆட்டியவரும் மீன் பிடித்தவரும் ஊருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தே இழிவையும் சுமந்தார்கள். அதனால் சரக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் தயங்குகிறேன். ஆனால் அமைப்பிலேயே கோணலான தொழில்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கக் குமரப்பாவின் முதல் வகை போதும்: வாங்குகிறவர் சிதையச் சிதைய விற்கிறவருக்கு வருமானம் ஏறுகிறதா? கந்துவட்டி அப்படிப்பட்டது. கடன் வாங்கியவர் தொழில் செழித்து அசலைத் திருப்பிவிட்டால் கொடுத்தவருக்கு நட்டம். அவர் மீளாமல் கிடந்தால்தான் வட்டி ஓடும். 2003இல் தமிழ்நாடு அதற்கெதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட தொழிலை எவ்வளவு நாணயமாக, நயமான பேச்சோடு நடத்தினாலும் அது நேராகாது. அதிலிருந்து போகும் காணிக்கை, ஏற்கெனவே நொடிந்து நிற்பவரின் வீட்டிலிருந்து எடுத்ததுதான்.

அப்படியானால் வணிகர்கள் கொடுத்த கொடையெல்லாம் வீணா என்று யாராவது வருந்தினால் அந்த வருத்தத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். வணிகரின் பணம் இல்லாமல் தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளிகளும் சத்திரங்களும் எழுந்திருக்காது. விருதுநகர் நாடார் வணிகர்களின் மகமைப் பணம் 1889இல் சத்திரிய வித்தியாசாலையாகியது. காமராசர் படித்தது அங்கேதான். இந்த மகமையின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆண்டு முடிவில் லாபத்தைப் பார்த்து மனம் வந்தால் கொடுக்கும் கொடையல்ல அது. சரக்கு கைமாறும்போதே மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைப்பது. இதற்கு முன்னோடியும் உண்டு. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவினர் பாக்கு, மிளகு, மஞ்சள் முதலிய சரக்குகளின் மீது கோயிலுக்காக வைத்துக்கொண்ட மகமையைப் பொருள்வாரியாகச் சொல்கிறது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஊருக்கு உரியது முதலிலேயே பிரிந்துவிடுகிறது. ஒருவர் தன் பெயரைப் பொறித்துப் பெருமை தேடவும் அதில் இடம் குறைவு. மகமையின் சுமையை விலையில் ஏற்றி வாங்குகிறவர் தலையில் கட்டியவர்களும் இருந்திருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் கொடையைக் கல்லாவுக்குள் கொண்டுவந்து வைத்த முறை அது என்பதால், என் வாதத்துக்கு அது எதிரியாகாது.

இன்னொரு மறுப்பு கடைத்தெருவிலிருந்து வரும். எல்லாரும் எடையில் கை வைக்கும் சந்தையில் ஒருவர் மட்டும் நேராக நின்றால் அவர் கடையை மூட வேண்டியதுதான் என்பார்கள். இது சாக்கு அல்ல, உண்மை. நேர்மைக்கு ஒரு செலவு இருக்கிறது, அதைத் தாங்கும் சக்தி சிறியவருக்கே குறைவு. அதனால்தான் இதைத் தனி மனிதரின் குணமாக மட்டும் விட்டுவிடக் கூடாது. பழைய வணிகக் குழுக்கள் கூடி விதி செய்துகொண்டன. இன்று அந்த இடத்தில் சட்டம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் தேவைப்படுகிறது. சிறியது எல்லாம் புனிதம், பெரியது எல்லாம் பாவம் என்பது என் வாதமல்ல. ஆட்களுக்கு நிலையான வேலை கொடுக்க வளர்ந்த தொழில்தான் வேண்டும். ஆனால் வளர வளர, விற்கிறவர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பது நின்றுபோகிறது. ஜாப் ஒர்க் செய்த பட்டறைக்காரரின் பில் எங்கோ ஒரு மேசையில் மூன்று மாதம் தூங்கும். 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டமும் 2024 முதல் சேர்ந்துகொண்டது. இவ்வளவு இருந்தும் பட்டறைக்காரர் வழக்குக்குப் போக அஞ்சுகிறார், அடுத்த ஆர்டர் போய்விடும். தாமதித்த அந்தப் பணத்தில் ஒரு பகுதி கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போயிருந்தால் அதைக் கொடுத்தவர் யார்? நன்கொடைப் பலகையில் கம்பெனியின் பெயர் இருக்கும். பணம் பட்டறைக்காரருடையது.

சிறு தொழிலையும் தப்பவிடக் கூடாது. அங்கே நடக்கும் தவறு கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். தானும் குடும்பமும் உழைக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும் கடைகளில் அந்தக் 'குடும்பம்' பெரும்பாலும் ஒரு பெண். மாவாட்டுவதும் பொட்டலம் கட்டுவதும் நூல் சுற்றுவதும் அவர். கடைப் பெயரும் கடன் அட்டையும் வங்கிக் கணக்கும் வேறொருவர் பெயரில் இருக்கும். ஊதியம் என்ற சொல் லாபத்திலிருந்து கூலிக்கு வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் அவருக்கு இரண்டு பொருளிலும் வரவில்லை. சம்பளத்துக்கு வைத்த ஆட்களின் நிலை வேறு. தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே துணி விரித்துக் காட்டிய பெண்களின் கால் வலி, தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிய கடைகளில்தான் அத்தனை ஆண்டும் இருந்தது. ஒரு ஸ்டூல் போடச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை நாம் எல்லோரும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அமர்நீதியார் தராசில் ஏறியபோது மனைவியையும் மகனையும் தட்டில் ஏற்றினாரே, அதையும் இன்றைய கண்ணால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். கடை அவருடையது, ஒப்புக்கொண்ட பொறுப்பும் அவருடையது, எடையில் விழுந்தது மூவரும். சிறு தொழிலின் கணக்கு இன்றும் அப்படித்தான் சமன் செய்யப்படுகிறது.

பக்தியைக் கைவிடச் சொல்லி இதை எழுதவில்லை. தமிழில் சாமிக்குச் செய்ய வேண்டியதை நேர்த்திக்கடன் என்கிறோம். அதே 'கடன்' என்ற சொல்தான் மளிகைக் கடைப் பாக்கிக்கும். பழந்தமிழில் அதற்குக் கடமை என்றும் பொருள். திருமலைப் பெருமாள் தம் திருமணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்றும் வட்டி கட்டிவருகிறார், உண்டியலில் விழுவது அதற்குத்தான் போகிறது என்பது மக்கள் நம்பிக்கை. நாம் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளும் சாமி அப்படிக் கடனை மறக்காத சாமி. ஆகவே கடையோ பட்டறையோ கம்பெனியோ நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு சாமிப் பங்கைப் பிரித்து எடுக்கும் நாளில், பேரேட்டில் கொடுக்க வேண்டியவர்களின் பக்கத்தை முதலில் திருப்புங்கள். கெடு தாண்டிய தறிக்காரரின் பில், போன மாதம் பிடித்த ஓவர்டைம், நின்றுபோன ஆளுக்குத் தராமல் விட்ட கடைசிச் சம்பளம், பெயரே எழுதாமல் உழைத்த வீட்டுப் பெண்ணின் பங்கு. இவற்றைக் கொடுத்து முடித்துவிட்டுப் பழனிக்குப் புறப்படுங்கள்.